பட்டியலில் இல்லாத பிரேக்கர்

1

அணு உலைகளுக்கு எதிராக நம் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளில் மூன்று ஊர்கள் தவறாமல் இடம்பெறும். த்ரீ மைல் தீவு 1979, செர்னோபில் 1986, ஃபுகுஷிமா 2011. நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். மூன்றையும் சொல்லி முடித்ததும் எதிர்வரிசையிலிருந்து வரும் பதிலும் எனக்கு மனப்பாடம். ஒன்று ரஷ்யர்களின் வடிவமைப்புக் கோளாறு, இன்னொன்று சுனாமி, மற்றொன்றில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம் உலையில் அதெல்லாம் நடக்க வாய்ப்பு இத்தனை லட்சத்தில் ஒன்று. நாம் ஊழிக்காலத்தைப் பேசுகிறோம், அவர்கள் தசமஸ்தானத்தைப் பேசுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் அணுமின் நிலையத்தின் சாதாரண வேலை நாள் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஷிஃப்ட் மாறுகிறது, ஒருத்தர் பட்டியலைப் பார்த்து வேலை உத்தரவு எழுதுகிறார், இன்னொருத்தர் எண்ணெய் போடுகிறார் அல்லது போடாமல் விடுகிறார். அந்த நாளைப் பற்றி நம்மிடம் எழுத்து ரொம்பக் குறைவு. அது தொழில்நுட்பம், நமக்கெதுக்கு என்று இன்ஜினீயர்களிடம் விட்டுவிட்டோம்.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு வேலை நாளைப் பற்றியது. அதில் யாரும் சாகவில்லை. கதிரியக்கம் வெளியே வரவில்லை. நம் நினைவில் அது பதியாமல் போனதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஊரின் பெயர் சேலம். நம்ம மாம்பழச் சேலம் இல்லை. 1692இல் சூனியக்காரர்கள் என்று சொல்லிப் பெண்களையும் ஆண்களையும் தூக்கில் போட்ட மாசசூசெட்ஸ் சேலமும் இல்லை. இது நியூ ஜெர்சி மாநிலத்தில், டெலவேர் ஆற்றின் கரையில் இருக்கிறது. நிலையம் நிற்கிற இடத்துக்குப் பெயரே ‘செயற்கைத் தீவு’. ஆற்றைத் தூர்வாரி எடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான நிலம். அங்கே வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் அழுத்தநீர் உலைகள் இரண்டு. முதல் உலை 1977இல் வணிக உற்பத்திக்கு வந்தது. 1983இல் அதை நடத்திக்கொண்டிருந்தது பப்ளிக் சர்வீஸ் எலக்ட்ரிக் அண்ட் காஸ் என்ற நிறுவனம்.

2

1983 பிப்ரவரி 25, நள்ளிரவு தாண்டி இருபது நிமிஷம். முதல் உலையைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். முழுத் திறனில் 12 சதவீதம்தான் எட்டியிருந்தது. ஒரு நீராவிக் கொதிகலத்தில் தண்ணீர் மட்டம் வரம்புக்குக் கீழே இறங்கியது. உலையில் உண்டாகும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போவது இந்தத் தண்ணீர்தான் என்பதால், மட்டம் இறங்கினால் உலை தானாக நிற்க வேண்டும். பாதுகாப்பு அமைப்பு நிறுத்தச் சொல்லிச் சிக்னலும் கொடுத்தது. உலை நிற்கவில்லை.

உலையை நிறுத்துவது என்பது இயந்திரரீதியில் எளிய காரியம். அணுப்பிளவைத் தணிக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை மின்காந்தம் மேலே பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்தால் தண்டுகள் தம் எடையாலேயே உலைக்குள் விழும். துண்டிப்பதற்கு ஒரே பாதையில் இரண்டு பிரேக்கர்கள், ஒன்றையடுத்து ஒன்று. இரண்டில் ஒன்று திறந்தால் போதும். அன்றைக்கு இரண்டுமே திறக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு, சுமார் அரை நிமிஷம் கழித்துக் கையால் நிறுத்தினார்கள். அப்போது பிரேக்கர்கள் திறந்தன, தண்டுகள் விழுந்தன.

பன்னிரண்டு சதவீதத்தில் அரை நிமிஷம் பெரிய விஷயமில்லை. முழுத் திறனில் ஓடும்போது தண்ணீரும் இல்லாமல், தண்டுகளும் விழாமல் இருந்தால், ஓரிரு நிமிஷத்திற்குள் குழாய்களிலும் கலத்திலும் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்பது வேறு கணக்கு. அணுத்துறை இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. தமிழில் ‘நிறுத்தம் நிகழாமல் போன, எதிர்பார்த்த தடுமாற்றம்’ என்று சொல்லலாம். இந்தப் பெயரில் ‘எதிர்பார்த்த’ என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் குறைவது, பம்பு நிற்பது எல்லாம் எதிர்பார்த்தவை. நிறுத்தம் நிகழாமல் போவது மட்டும் எதிர்பார்ப்புக்கு வெளியே, பெயரின் ஓரத்தில் ஓர் எதிர்மறையாக நிற்கிறது.

பிரேக்கர் ஏன் திறக்கவில்லை? அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே மின்சாதனத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் அப்பாவின் பம்புசெட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டார்ட்டர் இருந்தது. பச்சைப் பொத்தானை அமுக்கினால் உள்ளே காயில் உயிர்பெற்றுத் தொடுப்பைப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் ஓடும். கரண்ட் போனால் காயில் செத்து, தொடுப்பு விட்டு விழும். திரும்பக் கரண்ட் வந்தாலும் யாராவது போய் அமுக்கினால்தான் ஓடும். மோட்டார் எரிந்துபோகாமல் காக்கிற ஏற்பாடு இது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரும் கரண்டுக்காக எழுந்து வயலுக்குப் போக யாருக்கு முடியும்? ஊரில் பலரும் ஒரு குச்சியைச் செருகித் தொடுப்பை அப்படியே நிறுத்திவைப்பார்கள். இரண்டு ஃபேஸ் மட்டும் வந்த ராத்திரிகளில் மோட்டார் புகைந்ததும் உண்டு.

சேலம் பிரேக்கரில் இருந்ததும் ஏறத்தாழ இந்தக் காயில்தான். குறையழுத்தத் துண்டிப்பு இணைப்பு என்று அதைச் சொல்லலாம். ரிலே ஜாதியைச் சேர்ந்த, கைக்கு அடக்கமான ஒரு பொருள். மின்சாரம் இருக்கும்வரை அது பிடித்துக்கொண்டிருக்கும். பாதுகாப்பு அமைப்பு அந்த மின்சாரத்தை விலக்கினால் சுருள்வில் விடுபட்டு, நெம்பு எழும்பி, பிரேக்கரைத் திறக்க வேண்டும். வயர் அறுந்தாலும் காயில் எரிந்தாலும் விளைவு நிறுத்தமாகத்தான் இருக்கும் என்பதால் இந்த வடிவமைப்பைப் ‘பழுதானாலும் பாதுகாப்பு’ என்று கொண்டாடுவார்கள். சேலத்தில் சிக்னல் ஒழுங்காக வந்தது. காயிலுக்கு மின்சாரமும் போய்விட்டது. நெம்பு சிக்கிக்கொண்டது. மசகு இல்லை, தூசி சேர்ந்திருந்தது, பாகங்கள் தேய்ந்திருந்தன. எங்கள் ஊரில் வேண்டுமென்றே செருகிய குச்சியை இங்கே பராமரிப்பின்மை செருகியிருந்தது.

அதே பிரேக்கரில் இன்னொரு காயிலும் இருந்தது. அது நேர்மாறாக வேலை செய்யும்: மின்சாரம் கொடுத்தால் திறக்கும். தானியங்கிச் சிக்னல் முதல் காயிலுக்கு மட்டும் போகும். மனிதர் கைப்பிடியைத் திருப்பினால் இரண்டுக்கும் போகும். அரை நிமிஷம் கழித்து உலையை நிறுத்தியது இந்த இரண்டாவது காயில். பாதுகாப்புக் கணக்கில் இதற்கு இடமே இருக்கவில்லை. இதையும் பாதுகாப்பு உறுப்பாகக் கருத வேண்டும், தானியங்கிச் சிக்னல் இதற்கும் போக வேண்டும் என்று கட்டளை வந்தது சம்பவத்துக்குப் பிறகுதான்.

3

இனி விசாரணை. எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததே இந்த இடத்தில்தான்.

பிப்ரவரி 25ஆம் தேதிச் சம்பவத்தைத் துருவிக்கொண்டிருந்தபோது, மூன்று நாளைக்கு முந்திய இன்னொரு நிறுத்தத்தின் தாள்களையும் எடுத்துப் பார்த்தார்கள். பிப்ரவரி 22ஆம் தேதியும் அதே உலை, அதே மாதிரி கொதிகலத்தில் தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தது. தானியங்கிச் சிக்னலும் வந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் கட்டுப்பாட்டு அறையிலிருந்தவர்கள் கையாலும் நிறுத்தினார்கள். உலை நின்றது. உலை தானாக நின்றது, நாமும் கூடவே நிறுத்தினோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உலையை மறுபடியும் கிளப்பினார்கள்.

நிலையத்தின் கணினி ஒவ்வொரு சிக்னலையும் எந்தக் கணத்தில் எது நடந்தது என்று வரிசையாக அச்சடித்துத் தள்ளும். 22ஆம் தேதித் தாளிலும் எல்லாம் இருந்தது. நிறுத்தச் சிக்னல் வந்ததும் பிரேக்கர்கள் திறக்கவில்லை, மனிதர் கைவைத்த பிறகே திறந்தன என்று அந்த வரிசையைப் படித்தால் தெரியும். யாரும் அப்படிப் படிக்கவில்லை. ஆகவே உலகின் மிக மோசமான சாத்தியங்களில் ஒன்று என்று பதினைந்து வருஷமாக விவாதிக்கப்பட்ட ஒரு சம்பவம், நிஜமாகவே நடந்து, அச்சாகி, மேஜைமேல் மூன்று நாள் கிடந்தது.

மனிதத் தவறு என்ற சொல்லாடலை நாம் நன்றாக அறிவோம். விபத்து நடந்தால் முதலில் ஆபரேட்டரின் தலையில் கட்டுவார்கள். இங்கே தலைகீழ். ஆபரேட்டர் சரியாக, வேகமாக நடந்துகொண்டார். அவர் கை சரியாக வேலை செய்ததால்தான் இயந்திரத்தின் தோல்வி கண்ணில் படாமல் போனது. மூன்று நாள் கழித்து அந்தக் கை அரை நிமிஷம் தாமதித்தபோதுதான் தோல்விக்கு ஓர் உருவம் கிடைத்தது. அமைப்பின் ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருக்கும் தொழிலாளியின் திறமை, அமைப்பின் வெற்றியாகக் கணக்கில் ஏறுகிறது. உழைப்பு மறைந்து பொருள் மட்டும் தெரிவதைப் பற்றிப் பழைய மார்க்சியர்கள் சொன்னதை இங்கேயும் வைத்துப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். தானியங்கி என்று நாம் சொல்வதில் எவ்வளவு கை கலந்திருக்கிறது என்பது, கை விலகுகிற கணம்வரை யாருக்கும் தெரிவதில்லை.

4

அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் இந்தச் சம்பவம் பற்றி 1983இலேயே இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது. உண்மை கண்டறியும் குழுவின் அறிக்கை ஒன்று, இதிலிருந்து மற்ற நிலையங்கள் கற்க வேண்டியவை பற்றியது இன்னொன்று. வறண்ட மொழி. எழுவாய் இல்லாத வாக்கியங்கள். ஆனாலும் அவற்றிலிருந்து வெளிப்படும் இரண்டு விஷயங்கள் நம் ஆட்களுக்கு ரொம்பவும் பழக்கமானவை.

முதலாவது, பட்டியல். அந்த நிலையத்தில் ‘பாதுகாப்பு சார்ந்தவை’ எவை என்று சொல்லும் ஒரு முதன்மைக் கருவிப் பட்டியல் இருந்தது. ஒரு பொருள் அதில் இருந்தால் அதைப் பழுதுபார்க்கிற வேலைக்குத் தரக்கட்டுப்பாட்டின் பார்வை, கூடுதல் சோதனை, கூடுதல் கையெழுத்து எல்லாம் உண்டு. இல்லாவிட்டால் அது சாதாரண வேலை. உலையை நிறுத்தும் பிரேக்கர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைப் பழுதுபார்ப்பதற்கான உத்தரவை எழுதியவர் பட்டியலைப் பார்த்தார், பெயர் இல்லை, ‘பாதுகாப்பு சாராதது’ என்று குறித்தார். அவர் விதியை மீறவில்லை. விதிப்படிதான் நடந்தார்.

வகைப்பாடு என்பது உலகத்தின் பிரதிபலிப்பு இல்லை, அதிகாரத்தின் செயல் என்று ஃபூக்கோவை வைத்துப் பத்து முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். குற்றப் பரம்பரைப் பட்டியல், சாதிப் பட்டியல், வாக்காளர் பட்டியல் என்று உதாரணமும் சொல்கிறோம். அந்த உதாரணங்களில் பட்டியலுக்குள் சேர்ப்பதோ விலக்குவதோ யாரோ ஒருவருக்கு லாபம் தருவதாக இருக்கும். சேலத்தில் அப்படி யாரும் திட்டமிட்டு விலக்கவில்லை. யாரோ ஒருவர் தொகுத்தார், ஒரு வரி விடுபட்டது, விடுபட்டது யாருக்கும் தெரியவில்லை. அதிகாரம் என்றால் எப்போதும் ஒரு நோக்கம் இருக்கும் என்று தேடும் நம் வாசிப்புப் பழக்கத்துக்கு இந்த விடுபடல் பிடிபடாது. கண்காணிக்கும் கண்ணைப் பற்றி நிறைய எழுதிய நாம், பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காத அதிகாரத்தைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறோம்.

இரண்டாவது, கடிதம். இந்தக் குறையழுத்த இணைப்பு சிக்கிக்கொள்ளக்கூடும், இதை இப்படிச் சுத்தம் செய்து இன்ன மசகு போட வேண்டும் என்று வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியே 1974இல் தொழில்நுட்பச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஒன்பது வருஷம் கழித்தும் அதில் சொன்னது சேலம் நிலையத்தின் பராமரிப்பு நடைமுறைக்குள் வந்திருக்கவில்லை. வேறொரு கம்பெனியின் பிரேக்கர்களில் இதே மாதிரிக் கோளாறு வந்ததைப் பற்றி 1979இல் ஆணையமும் எச்சரிக்கை அனுப்பியிருந்தது. தகவல் இருந்தது. போய்ச் சேர வேண்டிய கைக்கு, அதாவது எண்ணெய்க் குப்பியை வைத்திருந்த கைக்கு, அது போய்ச் சேரவில்லை.

இது அமெரிக்கர்களின் அலட்சியம் என்று விட்டுவிட முடியாது. 1993 மார்ச் 31ஆம் தேதி அதிகாலை, உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையிலிருக்கும் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைன் இதழ்கள் உடைந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. மாற்று மின்சாரத்துக்கான கேபிள்களும் ஒரே பாதையில் போடப்பட்டிருந்ததால் சேர்ந்து எரிந்தன. சுமார் 17 மணி நேரம் நிலையம் முழுக்க மின்சாரம் இல்லை. தொழிலாளர்கள் டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறிப்போய், உலையை அடக்கும் போரான் கரைசலுக்கான வால்வுகளைக் கையால் திறந்தார்கள். அந்த டர்பைன் இதழ்களில் குறை இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று வடிவமைத்த ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1989இலேயே இங்கே தயாரித்த பெல் நிறுவனத்துக்குத் தெரிவித்திருந்தது. அணுமின் கழகம் தீ விபத்துக்கு முன்பு மாற்றவில்லை. அங்கேயும் ஒரு கடிதம், அங்கேயும் கடைசியில் ஒரு கை. நரோராவின் கைகளுக்கு நாம் எந்தக் கட்டுரையும் எழுதவில்லை. அணு ஆதரவாளர்கள் அதை இந்தியப் பொறியியலின் வெற்றி என்று எழுதினார்கள், எதிர்ப்பாளர்கள் நூலிழையில் தப்பிய செர்னோபில் என்று எழுதினார்கள். இருட்டில் ஏறிப்போன ஆட்கள் இரண்டிலும் இல்லை.

5

இப்போது தசமஸ்தானத்துக்கு வருகிறேன்.

உலை நிற்க மறுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை 1969இல் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் ஆலோசனைக் குழுவிடம் எப்ளர் என்ற பொறியாளர் எழுப்பினார். 1973இல் ஆணையம் அதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தொழில்துறை பத்து வருஷத்துக்கு மேல் ஒரே வாதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது: வாய்ப்பு மிக மிகச் சிறியது, செலவு செய்து கூடுதல் ஏற்பாடு தேவையில்லை. 1980 ஜூன் 28இல் அலபாமாவின் பிரவுன்ஸ் ஃபெரி மூன்றாம் உலையை நிறுத்தியபோது 185 தண்டுகளில் 76 முழுதாக உள்ளே போகவில்லை. அப்போதும் விவாதம் தீரவில்லை. சேலத்துக்குப் பிறகுதான், 1984இல், விதி வந்தது.

அந்தச் சிறிய எண் எப்படிக் கிடைக்கிறது? ஒரு பிரேக்கர் ஆயிரம் தடவையில் ஒரு தடவை தவறும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து தவறுவது ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சத்தில் ஒரு தடவை. கணக்கு சரி. ஆனால் இரண்டு தோல்விகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்ற நிபந்தனை அதற்குள் ஒளிந்திருக்கிறது.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் சுவடிப் பதிப்பு என்று ஒரு தாள் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டு ஏடுகளில் ஒரே பாடம் இருந்தால் அது இரண்டு சாட்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் ஒரே மூல ஓலையைப் பார்த்து எழுதியவையாக இருந்தால், மூலத்தின் பிழை இரண்டிலும் இருக்கும். பத்து ஏடு அப்படிக் கிடைத்தாலும் சாட்சி ஒன்றுதான். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியதில், வேறு வழியாக வந்த பிரதி ஒன்று கிடைக்காதா என்ற தவிப்பும் உண்டு.

சேலத்தின் இரண்டு பிரேக்கர்களும் ஒரே மூல ஓலையின் பிரதிகள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நடைமுறை, ஒரே பராமரிப்புக் குழு, எண்ணெய் போடாவிட்டால் இரண்டுக்கும் போடுவதில்லை. ஆகவே பத்து லட்சம் என்பது வெறும் காகிதம். மூன்று நாளில் இரண்டு தடவை, இரண்டு பிரேக்கரும் சேர்ந்தே தவறின. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு மற்ற நிலையங்களில் சோதனை நடந்தபோது, கலிஃபோர்னியாவின் சான் ஒனோஃப்ரேயில் வேறு கம்பெனி பிரேக்கர்களிலும் இதே இணைப்பு தவறியது 1983 மார்ச்சில் தெரியவந்தது.

சார்லஸ் பெரோ என்ற சமூகவியலாளர் 1984இல் ‘இயல்பான விபத்துகள்’ என்ற நூலை எழுதினார். மிகச் சிக்கலான, இறுக்கமாகப் பிணைந்த அமைப்புகளில் விபத்து என்பது அமைப்பின் இயல்பிலேயே இருக்கிறது என்பது அவர் வாதம். நம் தரப்பில் இந்த வாதத்துக்குச் செல்வாக்கு அதிகம், எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் சேலத்தை வைத்துப் பார்க்கும்போது அது நமக்குக் கொஞ்சம் வசதியான வாதமாகப் படுகிறது. சேலத்தில் சிக்கல் எதுவும் இல்லை. ஒரு காயில், ஒரு சுருள்வில், எண்ணெய் இல்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அப்பா உப்புத்தாளால் ஸ்டார்ட்டரின் தொடுப்புப் புள்ளிகளைத் தேய்ப்பாரே, அந்த அளவு விஷயம். அமைப்பே சிக்கலானது, ஆகவே தவிர்க்க முடியாதது என்று சொல்லிவிட்டால் நிர்வாகம் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறது. 1974ஆம் வருஷத்துச் சுற்றறிக்கை எங்கே போனது என்று கேட்பதற்குத் தத்துவம் தேவையில்லை, கேட்கிற உரிமைதான் தேவை.

6

கேட்கிற உரிமை அங்கே எந்த அளவுக்கு இருந்தது? 1983 ஜூலை 8ஆம் தேதி ஆணையம் எல்லா அணுமின் நிலையங்களுக்கும் ஒரு பொதுக் கடிதம் அனுப்பியது. நான்கு விஷயங்களைச் சரிசெய்யச் சொன்னது. உலை நின்ற ஒவ்வொரு தடவையும் ஏன், எப்படி நின்றது என்று தாள்களைப் படித்துத் தீர்மானித்த பிறகே மறுபடி கிளப்ப வேண்டும். எது பாதுகாப்புப் பொருள் என்ற வகைப்பாட்டைச் சரிசெய்து, தயாரித்த கம்பெனியின் எச்சரிக்கைகள் வந்துசேர வழிசெய்ய வேண்டும். பழுதுபார்த்த பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். நிறுத்தும் அமைப்பின் நம்பகத்தை உயர்த்த வேண்டும். நிறுவனத்துக்கு 8 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் விதித்தது.

இந்த நான்கில் முதல் இரண்டும் வாசிப்பும் பெயரிடலும். அணு உலைப் பாதுகாப்பு என்பது இயற்பியலாளர்களின் ரகசியம், இலக்கியக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம். தவறியது இயற்பியல் இல்லை. ஒரு தாளை யாரும் படிக்கவில்லை, ஒரு பட்டியலில் ஒரு பெயர் இல்லை, ஒரு கடிதம் சேரவில்லை. பிரதிகளைப் படிப்பதும், விடுபட்டதைத் தேடுவதும் நம் தொழில் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

அமெரிக்க ஆணையத்தை நான் கொண்டாடவில்லை. பத்து வருஷம் தொழில்துறையின் எண்ணுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த அமைப்பு அது. ஆனாலும் அது எழுதியதை, தமிழ் படித்த, மின்சாரம் தெரியாத ஓர் ஆள் நாற்பது வருஷம் கழித்துப் படிக்க முடிகிறது. இதே 1983ஆம் வருஷம் நவம்பர் 15ஆம் தேதிதான் இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. உலைகளைக் கட்டுகிற, ஓட்டுகிற அதே துறையின் கூரைக்குக் கீழேயே அதை உட்கார வைத்தார்கள். 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வாரியத்துக்குப் போதுமான சுதந்திரம் இல்லை என்று குறை சொன்னது. அதே 2012 ஏப்ரலில், கூடங்குளம் உலைகளின் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையை வெளியிடச் சொல்லி மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. அணுமின் கழகம் அந்த அறிக்கையைத் தர மறுத்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடிந்தகரையில் மாதாகோயில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் கேட்டவற்றில் இந்த அறிக்கையும் ஒன்று. அவர்களுக்கு என்ன புரியும் என்று கேலி செய்தவர்களை எனக்கு நினைவிருக்கிறது. இன்ஜினீயர்கள் நிறைந்த சேலம் நிலையத்தில் மூன்று நாள் யாருக்கும் புரியாத தாள் ஒன்று கிடந்ததை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

நம் இயக்கங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் அறிக்கை கேட்டோம், ஆனால் அறிக்கை வந்தால் என்ன செய்வதாக இருந்தோம்? படிக்கத் தெரிந்த ஒரு குழுவை எந்த ஊரிலும் நாம் உருவாக்கவில்லை. விஞ்ஞானி யாராவது நம் பக்கம் வந்து பேசினால் போதும் என்றிருந்தோம். அதாவது, நிபுணத்துவத்தின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டபடியே, நமக்கென ஒரு நிபுணரைத் தேடிக்கொண்டிருந்தோம். லைன்மேன் வேலை பார்த்தவர், மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர், மோட்டார் காயில் சுற்றுகிற கடைக்காரர் என்று பிரேக்கரும் ரிலேயும் கையால் அறிந்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களை ஒரு கூட்டத்துக்கும் நாம் அழைத்ததில்லை. தொடுப்பில் கரி பிடித்தால் என்ன ஆகும், எண்ணெய் காய்ந்தால் எது சிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அழைத்திருந்தால் நம் துண்டுப் பிரசுரங்களின் மொழியே வேறாக இருந்திருக்கும்.

செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அவற்றோடு கேட்க வேண்டிய சின்னக் கேள்விகள் சில இருக்கின்றன. போன தடவை உலை நின்றபோது தானாக நின்றதா, கையால் நிறுத்தினீர்களா? எது முதலில், எது பின்னால் என்று அச்சான தாள் எங்கே? அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர் யார்? பிரேக்கருக்குக் கடைசியாக எண்ணெய் போட்டது எந்தத் தேதியில், அதைப் போட்டவர் நிரந்தரத் தொழிலாளியா ஒப்பந்தத் தொழிலாளியா? கம்பெனியிலிருந்து வந்த கடிதங்களின் கோப்பு யார் மேஜையில் இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு ‘இத்தனை லட்சத்தில் ஒன்று’ என்று பதில் சொல்ல முடியாது. தேதியும் பெயரும் சொல்ல வேண்டிவரும்.